இங்கரம்மாவுக்கு வந்த கோபம்

ஜெயபுரத்தில் தங்கம்மாவின் சொல்லைக் கேட்டு நடந்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் ஊரே தலையைச் சொறியும். அவளுக்கு வயது அறுபத்தெட்டு. அதில் இருபத்துமூன்று வருடம் பிரசவக் கட்டிலின் தலைமாட்டில் நின்றவள். நின்று என்ன பயன்? அவள் வளர்த்த பிள்ளையே கால் இரண்டும் வீங்கி, தலையிடியில் கண்ணைத் திறக்க முடியாமல் பாயில் படுத்துக்கொண்டு, "பெரியம்மா, நீங்கள் சும்மா இருங்கோ" என்கிறது.

சிவதர்சினிக்கு எட்டு மாதம். இதற்கு முன் இரண்டு கருவும் தங்கவில்லை. முந்தநாள் வந்த மிட்வைஃப் பிரஷரை அளந்து பார்த்தாள், முகம் மாறியது. இன்றைக்கே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கும் போகவில்லை, நேற்றும் போகவில்லை. காரணம், பிள்ளையின் இடது மணிக்கட்டில் மஞ்சள் துண்டோடு கட்டியிருந்த காப்பு. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. மலையகத்துத் தோட்டங்களில் மாரியம்மனுக்கு இருந்த கட்டுப்பாடு அது. சனம் வன்னிக்கு வந்தபோது சட்டி பானையோடு அதையும் கொண்டுவந்துவிட்டது. திருவிழா ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வியாழன்.

சரி, எந்தச் சாமிக்குக் காப்பு என்று கேட்டால்தான் தங்கம்மாவுக்கு மண்டை கொதிக்கும். இங்கரம்மாவுக்கு. டென்மார்க்கிலிருந்து வேதம் சொல்ல வந்த வெள்ளைக்காரத் தாதிக்கு. கல்லைக் கும்பிடாதே, மரத்தைக் கும்பிடாதே என்று சாகும்வரை தொண்டை கிழியக் கத்தின மனுஷிக்கு!

தங்கம்மா பிறந்தது ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரரின் வரிசை வீடுகளில் ஒன்றில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். இருபது வயதில், புருஷன் ராமையாவோடும் சின்னத் தங்கச்சியோடும் லொறியில் ஏறி வன்னிக்கு வந்து சேர்ந்தாள். முதலில் உருத்திரபுரத்தில் ஒரு கமக்காரரின் வயலில் கூலி வேலை. அந்த வீட்டில் கூலிக்காரருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிக் கோப்பை வைத்திருந்தார்கள். கழுவி வேலியில் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் கோப்பையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்து, இரண்டே வருடத்தில் ஜெயபுரத்துக் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டார்கள்.

அங்கேதான் முதல் பிரசவம். மூன்று நாள் நோவு. ராமையா கடைசியில் ஓடிப்போய்க் கூட்டிவந்தது, ஆறு கிழமைக்கு முன் வந்து கிடுகுக் கொட்டிலில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்காரியை. முழங்கால் வரை சேற்றோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தங்கம்மாவைக் காப்பாற்றினாள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. இனிமேல் பிள்ளையும் இல்லை என்றாயிற்று. ஒரு மாதம் தங்கம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒருநாள் விடிய வெள்ளைக்காரி வந்து வாசலில் நின்று சொன்னாள்: "அழுதது போதும், தங்கம்மா. எனக்கு ஓர் ஆள் தேவை. எழுந்து வந்து தண்ணீர் கொதிக்க வை."

இப்படியும் ஒரு பெண் பேசுவாளா? தங்கம்மாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் முகத்துக்கு நேரே நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் எழும்பிப் போனாள். போனவள் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அந்த ஆத்திரத்தோடேயே இருபத்துமூன்று வருடம் வேலை செய்தாள்.

இங்கர் என்பது அவளுடைய பெயர். ஊர் அதை இங்கரம்மா ஆக்கியது. தமிழை வாயால் படிக்காமல் புத்தகத்தால் படித்தவள் என்பதால், வாயைத் திறந்தால் பள்ளிக்கூடப் பாடம் வாசிப்பது போலிருக்கும். "முருகையா, உன் மனைவி இரத்தம் குறைந்து இருக்கின்றாள். நீயோ கள் அருந்திவிட்டு வந்திருக்கின்றாய்." சின்னப் பிள்ளைகள் வேலிக்குப் பின்னால் நின்று அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். தங்கம்மா எல்லாரையும்விடத் திறமாகச் சொல்லிக் காட்டுவாள், இங்கரம்மாவுக்குத் தெரியாமல்.

பிடிவாதமோ சொல்லி முடியாது. தங்கம்மாவின் நெற்றித் திருநீற்றைக் கண்டால், "முகத்தைக் கழுவு" என்பாள். "முதல்ல நீங்கள் உங்கட பிடிவாதத்தைக் கழுவுங்கோ" என்பாள் தங்கம்மா. தினமும் காலையில் கர்ப்பிணிகளுக்குப் பத்து நிமிடம் இயேசுவைப் பற்றிப் பிரசங்கம். பிரசங்கம் முடிந்துதான் மருந்து என்பதால் சனமும் பொறுமையாகக் கேட்கும். இருபத்துமூன்று வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவன் ஒரே ஒருவன். அவனும் ஊரறிந்த ஆட்டுக் கள்ளன். ஆறாம் மாதமே கனடாவுக்குப் போய்விட்டான்.

ஆனால் வேறொன்று செய்தாள். பிள்ளை பிறந்தால் பதினைந்து நாளுக்குள் தகப்பனைப் பதிவுகாரரிடம் விரட்டுவாள். போகாதவனின் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குந்தியிருப்பாள். தகப்பன்மார் பலருக்குத் தாங்கள் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அதனால் அரசாங்கக் கந்தோர் என்றாலே பயம். "நீ நாடு இல்லாதவன் ஆகலாம். இந்தக் குழந்தை இங்கே பிறந்தது. அதை எழுத வை" என்பாள். இன்றைக்கு இந்த ஊரில் அடையாள அட்டை வைத்திருக்கிற பாதிப் பேர் அந்தத் தொல்லையால் வைத்திருப்பவர்கள். அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஊர் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை.

கொட்டில் வாசலில் ஒரு வேம்பு. அதன் கொப்பில் தராசைக் கொளுவி, அதில் ஒரு சீலைத் துண்டைத் தொட்டில்போலக் கட்டி, பிள்ளைகளை அதற்குள் கிடத்தி இங்கரம்மா நிறை பார்ப்பாள். மாதம் ஒருமுறை ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அந்தச் சீலைக்குள் கிடந்து கத்தும். அவ்வளவுதான் சங்கதி.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு விரட்டிய மனுஷி தன்னுடைய காய்ச்சலுக்கு வெறுந்தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போவம் வாங்கோ" என்று தங்கம்மா நான்கு நாள் கெஞ்சினாள். "நாளைக்குப் பார்ப்போம்" என்றாள் இங்கரம்மா. ஐந்தாம் நாள் பார்க்க ஆள் இல்லை. வேம்புக்குப் பக்கத்தில் புதைத்து ஒரு சிலுவை நட்டார்கள். தூக்கிக் கொண்டுபோய் லொறியில் போடாமல் விட்டேனே என்று தங்கம்மா இன்றைக்கும் தன்னைத் தானே திட்டிக்கொள்வாள்.

பிறகு யுத்தம். சனம் கிழக்கே கிழக்கே ஓடியது. முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர முன்னமே ராமையா செத்தான். முள்ளிவாய்க்காலில் தங்கச்சியும் செத்தாள். தங்கச்சியின் ஒன்பது வயது மகள் சிவதர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கம்மா முகாமுக்குள் போனாள். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை வந்து சேர்ந்த கதை அது. அன்றிலிருந்து பதினாறு வருடமாக இருவருக்கும் சண்டைதான். வா என்றால் ஏன் என்று கேட்கும். சாப்பிடு என்றால் உப்பில்லை என்று சொல்லும். இவளுக்கு வாய் காதுவரை என்று தங்கம்மா ஊரெல்லாம் முறையிடுவாள். ஆனாலும் அந்த வாய் ஒருநாள் சும்மா இருந்தால் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்ப்பாள்.

ஊர் திரும்பியபோது வீடு, கொட்டில், கூரை ஒன்றும் மிஞ்சவில்லை. சிலுவையும் வேம்பும் மட்டும் அப்படியே நின்றன. அதைக் கண்டு விமலேஸ்வரி என்பவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு கிழமையில் விளக்கு வைத்தாள். அங்கேதானே தொட்டில் கட்டுவினம் என்று நினைவுக்கு வந்து, ஒரு மஞ்சள் துண்டில் சின்னத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டாள். அவளுடைய மகளுக்கு அந்த வருடம் பிள்ளை பிறந்தது. அதோடு முடிந்தது. மல்லாவியிலிருந்தெல்லாம் பெண்கள் தொட்டில் கட்ட வந்தார்கள். விமலேஸ்வரி பூசாரி ஆகிவிட்டாள்.

"அடியே, அது பிள்ளை நிறுக்கிற சீலை! வேண்டுதலில்லை!" என்று தங்கம்மா கத்திப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. சிலுவைக்குக் குங்குமம் வைத்தார்கள். பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் படைத்தார்கள். அந்த மனுஷி பால் தேத்தண்ணி வாயில் வைத்ததே இல்லை என்று தங்கம்மா சொன்னாள். அதையும் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கூத்துக்குள்தான் சிவதர்சினி போய்க் காப்புக் கட்டிக்கொண்டாள்.

வியாழன் காலை பத்து மணிக்குப் பாஸ்டர் ஜனகன் வானில் வந்து இறங்கினார். கிளிநொச்சியில் சபை நடத்துகிறவர். டென்மார்க்கிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். அதற்குள் இங்கரம்மாவைப் பற்றி ஒரு புத்தகம் போட வேண்டும், அந்தத் தொட்டில்களையும் அவிழ்க்க வேண்டும்.

"அம்மா, சிஸ்டரால எத்தினை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவை எண்டு சொல்லுங்கோ, எழுதுவம்" என்றார்.

"பாஸ்டர், உள்ள ஒரு பிள்ளை சாகக் கிடக்குது. நீங்கள் கணக்குக் கேக்கிறீங்கள்" என்றாள் தங்கம்மா. "உங்கட வான் கிளிநொச்சிவரை ஓடுமோ?"

"ஓம் அம்மா, இப்பவே போவம்."

வான் வந்துவிட்டது. ஏறத்தான் ஆள் இல்லை. சிவதர்சினி குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்துவிட்டுப் பாயில் சரிந்தாள். கண் மங்குகிறது, கதவு இரண்டாகத் தெரிகிறது என்றாள். அடுத்து என்ன வரும் என்று தங்கம்மாவுக்குத் தெரியும். வலிப்பு வரும். வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். இப்படி இரண்டு பெண்களைத் தன் கையாலேயே கழுவிக் கிடத்தியிருக்கிறாள்.

"எழும்பு பிள்ளை. கெஞ்சிக் கேக்கிறன்."

"காப்போட எல்லை தாண்டித்தான் பெரியம்மா, போன முறை சாந்தியக்காவுக்குப் பிள்ளை செத்தது. எனக்கு ரெண்டு போயிட்டுது. இதையும் குடுக்கச் சொல்லுறீங்களோ?"

"சதீஸ், நீயாவது சொல்லன்!"

அவளுடைய புருஷன் சதீஸ் நல்ல பொடியன், வயலில் இரண்டு ஆள் வேலை செய்வான். இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சத்தம் கேட்டு அயல் கூடிவிட்டது. விமலேஸ்வரியும் கற்பூரத் தட்டோடு வந்தாள்.

"காப்பை அவிழடி" என்றாள் தங்கம்மா.

"அவிழ்க்க நான் ஆர் அக்கா? கட்டினது அவாக்கு. அவிழ்க்கச் சொல்லி அவாதான் சொல்லவேணும்."

"ஓம்" என்றாள் சிவதர்சினி கண்ணை மூடியபடி. "இங்கரம்மா சொன்னாப் போறன்."

தங்கம்மா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். விமலேஸ்வரியில் கோபம். சதீஸில் கோபம். பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற பாஸ்டரில் கோபம். எல்லாருக்கும் மேலே, செத்தும் தொல்லை கொடுக்கிற அந்த டென்மார்க்காரியில் கோபம். உனக்காக இருபத்துமூன்று வருடம் தண்ணீர் கொதிக்க வைத்தேனே, ஒருநாள் எனக்காக வந்து ஒரு வார்த்தை சொல்லேன் என்று மனதுக்குள் கத்தினாள். யாரும் வரவில்லை. வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

தங்கம்மாவின் தாய்க்குத் தோட்டத்தில் மாரியம்மன் வரும். சாமி எப்படி வரும் என்பதை மடியிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள். கொண்டையை அவிழ்க்கக் கை போனது. பாதியில் நின்றது. இங்கரம்மா ஆடுவாளா? ஆடமாட்டாள். தலை விரிப்பாளா? ஒரு மயிரும் கலையாத மனுஷி. தங்கம்மா கூனிய முதுகை நிமிர்த்தினாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். நாடியைத் தூக்கினாள்.

"சிவதர்சினி! ஏன் இன்னும் படுத்திருக்கின்றாய்?"

அந்தக் குரலை இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை.

"தாயே!" என்று விமலேஸ்வரி தட்டோடு காலில் விழுந்தாள்.

"கற்பூரத்தை அணை. நோயாளியின் அறையில் புகை போடுகின்றாய். நான் தாய் அல்ல. நான் தாதி. இதை எத்தனை முறை சொல்வது? கத்தரிக்கோல் எங்கே?"

யாரோ கொண்டுவந்து நீட்டினார்கள். தங்கம்மா குனிந்து காப்பை வெட்டினாள்.

"உன்னை நான் எடை பார்த்தபோது நீ இரண்டு கிலோ எண்ணூறு கிராம் இருந்தாய். நன்றாக இருந்தாய். இப்படி வீங்கிச் சாவதற்காகவா உன்னை எடை பார்த்தேன்? எழுந்திரு. மருத்துவமனைக்குச் செல்."

"எல்லை..." என்றாள் சிவதர்சினி.

"என்ன எல்லை? நான் கடல் தாண்டி வந்தவள். எனக்கு எல்லை காட்டுகின்றாயா?"

பிள்ளை எழும்பிவிட்டது. சதீஸ் அவளை அள்ளித் தூக்கினான். கூட்டம் வழிவிட்டது. பாஸ்டர் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார்.

"நீ ஏன் பார்த்துக்கொண்டு நிற்கின்றாய்? வண்டியை எடு!"

"ஓம் சிஸ்டர்" என்று பாஸ்டர் ஓடினார்.

அக்கராயன் வழியாக வான் குலுங்கிக் குலுங்கிப் போனது. பின் இருக்கையில் சதீஸின் மடியில் சிவதர்சினி முனகிக்கொண்டிருந்தாள். முன்னால் தங்கம்மா. கொஞ்சத் தூரம் போனதும் பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அது... பொய்தானே?"

"முழுப் பொய். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."

"அந்த ரெண்டு கிலோ எண்ணூறு?"

"நிறுத்து எழுதினது நான்தானே பாஸ்டர்."

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு பார்வை பார்த்தார். மூன்று நாளாக என்ன செய்தீர்கள், படித்த சனம் இல்லையா, வயது போன நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தங்கம்மாவைத்தான் பிடித்து ஏசினார். தங்கம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். உடனே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ எழுநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாய்க்கு ஆபத்து நீங்கியது என்று சொல்லப் பின்னேரம் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி மர வாங்கில் பக்கத்தில் இருந்த பாஸ்டர் கொப்பியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"நான் இப்ப புத்தகத்தில என்னத்தை எழுதுறது அம்மா?"

"உயிரோட இருக்கேக்க அவா சொன்னதையும் ஒருத்தரும் லேசில கேக்கேல்லை எண்டு எழுதுங்கோ. சைக்கிளில வந்து வாசலில குந்தி இருந்துதான் கேக்க வைச்சவா. அந்த வாசலில குந்தியிருந்ததை எழுதுங்கோ. மிச்சமெல்லாம் விசர்க் கதை." தங்கம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "தொட்டிலை அவிழ்க்கப் போகாதேங்கோ. அடிதான் விழும்."

வெள்ளிக்கிழமை காலை சூப் காய்ச்சிக்கொண்டு பஸ் ஏறினாள். பிரஷர் என்பதால் உப்புப் போடவில்லை. வழி முழுக்க மனதுக்குள் சண்டைக்கு ஆயத்தம் செய்துகொண்டு போனாள். உப்பில்லை என்று சொல்லட்டும், நல்லாய்க் கொடுக்கிறேன். மிட்வைஃப் சொன்ன அன்றைக்கே வந்திருந்தால் வயிற்றை வெட்டியிருக்கத் தேவையில்லை என்று கேட்கிறேன். அதற்கு அவள் ஒன்று சொல்லுவாள். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

சிவதர்சினி தலையணையில் சாய்ந்திருந்தாள். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. தங்கம்மாவைக் கண்டதும், சேலைன் ஏறுகிற கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"கையை இறக்கடி. ஊசி விலகப் போகுது."

உடனே இறக்கினாள். "ஓம் அம்மா."

"இந்தச் சூப்பைக் குடி."

வாங்கி, ஒரு மூச்சில் குடித்து முடித்தாள். ஒன்பது வயதிலிருந்து ஒரு கோப்பையை முதல் சொல்லிலேயே வாங்கிக் குடித்த பிள்ளை அல்ல அது.

"உப்பில்லைத்தானே?"

"நல்லாயிருக்கு அம்மா."

தங்கம்மா கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்தாள். "பிள்ளை, இஞ்ச பார். நான் பெரியம்மா. நேற்று ஒருத்தரும் வரேல்லை. நான் நடிச்சனான். நீ எழும்ப மாட்டன் எண்டு நிண்டபடியால் நடிச்சனான். விளங்குதோ?"

சிவதர்சினி பயபக்தியோடு சிரித்தாள். "நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள் எண்டு விமலேஸ்வரியக்கா காலமை போனில சொன்னவா. இங்கரம்மாவும் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டாவாமே."

தங்கம்மாவுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. எதைச் சொன்னாலும் சாமி சொன்னதாகிவிடும். உயிரோடு பிள்ளை முன்னால் இருக்கிறது, பெட்டிக்குள் இன்னொன்று மூச்சு விடுகிறது. வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் வாசலில் நின்று வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசும் அந்தப் பெண்ணை இந்தக் கட்டிலில் காணவில்லை.

"ஒருக்கா என்னோட சண்டை பிடியடி" என்றாள் தங்கம்மா.

சிவதர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கள் சொன்னாச் சரி, அம்மா."